சந்தா, சீட், பட்டா: மலையில் இடதுசாரிகள் எந்த வழியில் ஒன்றுசேர்வது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மலைகளில் இடதுசாரிகளுக்குள் சண்டை மூண்டால் உடனே அதற்கு ஒரு கொள்கைப் பெயர் கிடைத்துவிடுகிறது. 'வர்க்கப் பார்வை இல்லை' என்பார் ஒருவர். 'முன்னணி மரியாதையை மீறிவிட்டார்கள்' என்பார் இன்னொருவர். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷன் அளவில் இறங்கி விசாரித்தால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான் இருக்கும்: சந்தா எந்தச் சங்கத்துக்குப் போகிறது, வார்டு எந்தக் கட்சிக்கு, யாருடைய நிலத்துக்குப் பட்டா. இந்த மூன்று நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. சந்தாச் சண்டைக்குச் சீட்டு உடன்பாடு போட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது. பட்டாச் சண்டையைக் கூட்டுப் போராட்டக் குழுவுக்குள் கொண்டுவந்தால் அந்தக் குழுவே உடைந்துபோகும்.

சிபிஐ, சிபிஎம், சிபிஐ சார்ந்த ஏஐடியுசி சங்கம், சிபிஎம் சார்ந்த சிஐடியு சங்கம், இவற்றோடு சேராத பெண் தொழிலாளர் குழுக்கள் என்று பிரிந்து நிற்பவர்களுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. கோரிக்கைக்காக மட்டும் சேரும் கூட்டுக் குழு, சங்கங்களின் இணைப்பு, தனி அமைப்பு, தேர்தல் உடன்பாடு, அவரவர் கட்சிக்குள்ளேயே நின்று வாதாடுவது. ஐந்தும் சம எடையுள்ளவை அல்ல. தோட்டத் தொழிலாளிக்கு அதிகம் கிடைப்பது முதல் வழியில்தான் என்பது எங்கள் முடிவு. ஆகவே அதைப் பற்றியே கூடுதலாக எழுதுகிறோம்.

கோரிக்கைக்கான கூட்டுக் குழு

கட்சி உடைந்தாலும் சங்கம் உடையாமல் இருக்கலாம் என்பதற்கு வரலாறே சாட்சி. 1964 ஏப்ரலில் சிபிஐயின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கல்கத்தா மாநாட்டில் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்துவிட்டது. சிஐடியு பிறந்ததோ 1970ல். இடையில் ஆறு ஆண்டுகள், தேர்தலில் மோதிக்கொண்ட இரண்டு கட்சிகளின் தொழிலாளர்களும் ஏஐடியுசி என்ற ஒரே குடைக்குள் இருந்தார்கள்.

கூட்டுக் குழு அமைக்கும் முன் ஒவ்வொரு கோரிக்கையும் எந்த மேசையில் முடிவாகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நாள் சம்பளம் மாநில அளவில், தொழிலாளர் துறையும் தோட்ட முதலாளிகளும் சங்கங்களும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில், அதாவது பிஎல்சியில், முடிவாகிறது. போனஸ், தொழிலாளர் குடியிருப்பான லயம் பழுதுபார்ப்பு, நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து, அதற்கு மேல் பறித்தால் என்ன ரேட் என்பதெல்லாம் கம்பெனியோடு பேசக்கூடியவை. பிஎல்சி அளவு பேச்சில் உள்ளூர்க் குழு எழுதித் தராத விஷயம் விட்டுப்போகும். வீட்டுமனை வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. உள்ளூர்க் கூட்டுக் குழு கம்பெனி அளவுக் கோரிக்கைகளை நேரடியாக எடுத்து நடத்தலாம். சம்பள விஷயத்தில் பிஎல்சிக்குள் இருக்கும் தலைமைகளை நெருக்க மட்டுமே முடியும். இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடாவிட்டால், சம்பளம் எதிர்பார்த்தபடி ஏறாத அன்று உள்ளூர்க் குழுவின் மேல்தான் பழி விழும்.

குழுவின் அமைப்பு எளிமையாக இருக்கட்டும். சங்கத்துக்கு இரண்டு பேர். அவர்களோடு ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும், சங்கப் பொறுப்பு எதுவும் இல்லாத, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டால் குழு அமைத்தே பயனில்லை. தோட்ட வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது, சங்கப் பொறுப்புகளோ ஆண்களிடம். 2015ல் மூணாறில் பெண் தொழிலாளர்களிடம் வெடித்த கோபத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். கூட்டத்தை வேலை முடிந்து வீட்டுச் சமையல் தொடங்கும் நேரத்தில் வைத்தால் அந்தப் பெண்கள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், லயத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கன்வீனர் பொறுப்பு மாதம் ஒரு சங்கத்துக்கு என்று சுற்றட்டும். மினிட்ஸ் தமிழில் எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் மலையாளத்தில் இருப்பதால் ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்தானது என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தி மனுவைத் தமிழில் கொடுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.

எழுத்தில் நான்கு நிபந்தனைகள் இருக்க வேண்டும். நிர்வாகத்தை எந்தச் சங்கமும் தனியாகச் சந்திக்கக் கூடாது. மேனேஜர் தற்செயலாகக் கூப்பிட்டாலும் இன்னொரு சங்கத்துக்காரர் ஒருவர் உடன் போக வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அதன் வாசகத்தை டிவிஷன் கூட்டங்களில் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது, வசூலுக்கு ஒரே ரசீதுப் புத்தகம், பணம் எடுக்க இரண்டு சங்கங்களின் கையெழுத்து, போராட்டம் முடிந்து மிஞ்சும் தொகை யாருக்கு என்பது முன்கூட்டியே முடிவு. நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ஆள்பிடிப்புக்குத் தடை. நோட்டீஸ் கொடுக்கும் நாளிலிருந்து ஒப்பந்தம் முடிந்து 90 நாள் வரை ஒரு சங்கத்தின் உறுப்பினரை இன்னொரு சங்கம் சேர்க்கக் கூடாது.

காரணம் இதுதான். சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்படும் தோட்டத்தில் ஓர் உறுப்பினர் மாறினால் மாதாமாதம் வரும் வருமானம் மாறுகிறது. போராட்டக் காலத்தில் தொழிலாளி உணர்ச்சிவசப்பட்டிருப்பார். சங்கம் மாறும் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அடுத்த கூட்டத்தில் இழந்த சங்கம் 'கொள்கை வேறுபாடு' பேசத் தொடங்கும். மூடிக் கிடக்கும் தோட்டங்களில் கிராஜுட்டி பாக்கிக்காகச் சங்கங்கள் சேர்ந்து நிற்பது எளிதாக இருப்பதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே பிடித்தமும் இல்லை, பிடிப்பதற்கு ஆளும் இல்லை.

இணைப்பும் புதிய சட்டக் கணக்கும்

இணைப்பு என்ற பேச்சு மே தின மேடையில் கைதட்டல் வாங்கும். நடைமுறையில் அது கடினம். பழைய 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, இணையும் ஒவ்வொரு சங்கத்திலும் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும், பதிவான வாக்குகளில் 60 சதவீதம் ஆதரவாக இருக்க வேண்டும். ஆயிரம் பேர் உள்ள சங்கத்தில் 500 பேரைச் சாவடிக்கு வரவைத்து, அதில் 300 பேரை ஆம் சொல்ல வைப்பது. இது முடியாத காரியமல்ல. முடியாமல் போவது தலைவர் நாற்காலி ஒன்றாகும்போது யார் எழுந்திருப்பது என்ற இடத்தில்தான்.

இருந்தாலும் இந்த வழியை ஒதுக்கிவிட முடியாத நிலை வந்துவிட்டது. 2025 நவம்பர் 21ல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இடதுசாரிச் சங்கங்கள் இதையும் சேர்த்து நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் எதிர்க்கின்றன, எதிர்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது. எதிர்த்துக்கொண்டே அதன் கணக்கையும் படித்தாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் மஸ்டர் ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் கவுன்சில் அமையும். அதில் இடம்பெற ஒரு சங்கத்துக்குக் குறைந்தது 20 சதவீத ஆதரவு வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். தோட்டத்தில் நான்கு சங்கங்கள், அவற்றின் ஆதரவு சதவீதத்தில்: 34, 28, 19, 19. கடைசி இரண்டும் இடதுசாரிச் சங்கங்கள் என்று வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 38 சதவீதத் தொழிலாளர் இருந்தும் கவுன்சிலில் ஒரு நாற்காலிகூட இல்லை. அவை இணைந்தால் அதுவே தோட்டத்தின் பெரிய சங்கம். 34 உள்ள சங்கத்தோடு ஒரு 19 இணைந்தால் 53, மற்ற இரண்டையும் கேட்காமலே அது கையெழுத்துப் போடலாம். கூட்டுக் குழு எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் இந்த எண்ணிக்கையில் அது தனிச் சங்கமாகக் கணக்கில் வராது. எனவே எங்கள் யோசனை இது: இரண்டு இடதுசாரிச் சங்கங்களும் தனித்தனியே 20ஐத் தாண்டுகின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். தாண்டினால் கூட்டுக் குழு போதும். ஒன்றாவது 20க்குக் கீழே இருந்தால், அந்தத் தோட்டத்தில் மட்டும் உறுப்பினரை ஒரே சங்கத்தில் பதிந்துகொண்டு நிர்வாகக் குழுவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைப் பேசுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் அதே போல எதிர்த் திசையில் விட்டுக்கொடுத்தால் மேல்மட்டத் தலைமைகள் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வேலைநிறுத்த நோட்டீஸும் மாறிவிட்டது. 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். பாதியோ அதற்கு மேலோ தொழிலாளர் பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். ஒரு சங்கம் கொடுத்த நோட்டீஸில் இன்னொன்று குதித்து நிறுத்தினால் சட்டச் சிக்கல் வரலாம். எல்லாச் சங்கங்களும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் தனித்தனி நோட்டீஸ் கொடுப்பதே பாதுகாப்பு.

தனி அமைப்பு: 2015 சொல்வது

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சங்கங்களையே ஒதுக்கிவைத்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், ஒன்பது நாளில் வாங்கினார்கள். 8.33 சதவீதம் போனஸாகவும் மீதி கருணைத் தொகையாகவும் வந்தது. அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை செய்தது இந்த மலையின் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பெரிய காரியம். அதைச் சிறுமைப்படுத்திப் பேசும் எந்த இடதுசாரியும் தன் சங்கத்தின் தவறை மறைக்கப் பார்க்கிறார் என்றே பொருள்.

அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 232 ரூபாய் நாள் சம்பளத்தை 500 ஆக்கச் சொன்ன கோரிக்கை பிஎல்சிக்குப் போனது. அங்கே நாற்காலி பழைய சங்கங்களுக்குத்தான். அக்டோபரில் 301 ரூபாய்க்கு முடிந்தது, குறைந்தபட்சக் கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 ஆனது. சாலையில் வென்றவர்களுக்கு மேசையில் இடமில்லை. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை ஒரு பிளாக் பஞ்சாயத்துத் தொகுதியையும் இரண்டு கிராமப் பஞ்சாயத்து வார்டுகளையும் பிடித்தது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் அதற்கு விழுந்தது சில நூறு வாக்குகள். முன்னணி வரிசையில் நின்றவர்களுக்குள்ளும் பிளவு வந்தது.

தனி அமைப்பு அதிர்ச்சி கொடுக்க உதவும், ஓர் உடனடிக் கோரிக்கையை வெல்ல உதவும். சந்தாப் புத்தகம், பதிவு, மஸ்டர் ரோலில் கணக்கு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் இரண்டாவது கோரிக்கை வரை நிலைக்காது. பதிவுக்கு 10 சதவீதம் அல்லது 100 தொழிலாளர், எது குறைவோ அது போதும். மேசைக்கு வர 20 சதவீதம் வேண்டும். அந்த 20ஐ எட்டும் வரை வெளியே நின்று, கூட்டுக் குழுவில் டிவிஷன் பெண்களுக்கான இடங்களைக் கேட்டு வாங்குவதுதான் நடக்கக்கூடிய வழி.

கட்சி அளவிலும் இதே பாடம்தான். சிபிஎம்மிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்.வி. ராகவன் 1986ல் சிஎம்பி என்ற கட்சியைத் தொடங்கினார். 1994ல் அதே சிபிஎம்மிலிருந்து வெளியேற்றப்பட்ட கௌரியம்மா ஜேஎஸ்எஸ் என்ற கட்சியைத் தொடங்கினார். இருவரும் போய்ச் சேர்ந்தது காங்கிரஸ் முன்னணியில். சிபிஎம்மை விட்டு வந்து ஆர்எம்பி என்ற கட்சியைத் தொடங்கிய டி.பி. சந்திரசேகரன் 2012ல் கொலை செய்யப்பட்ட பிறகு அந்தக் கட்சியின் கே.கே. ரமா 2021ல் வடகரையில் வென்றதும் அதே முன்னணியின் ஆதரவோடுதான். மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் 2016ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் மக்கள் நலக் கூட்டணியில் நின்று ஓர் இடம்கூடப் பெறவில்லை. இரண்டு முன்னணி ஆட்டத்தில் மூன்றாவது இடம் மிகக் குறுகலானது.

தேர்தல் உடன்பாடு

1965ல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தனித்தனியே நின்றபோது சிபிஎம் 40, சிபிஐ 3. ஆட்சி யாருக்கும் இல்லை. 1967ல் ஏழு கட்சி முன்னணியில் சேர்ந்து நின்றபோது 52, 19. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உடன்பாடு வேண்டுமா என்பது இன்று கேள்வியே அல்ல, எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

சட்டமன்றத்தில் சிக்கல் குறைவு. தேவிகுளம் சிபிஎம்முக்கு, பீர்மேடு சிபிஐக்கு என்று இடதுமுன்னணியில் ஊறிப்போயிருக்கிறது. அங்கே சண்டை கட்சிக்குள். தேவிகுளம் தனித்தொகுதி என்பதால் பட்டியல் சாதிகளுக்குள் எந்தப் பிரிவுக்கு முறை என்ற கணக்கும் அதில் கலந்துவிடுகிறது. மூன்று முறை எம்எல்ஏவாக இருந்த எஸ். ராஜேந்திரன், 2021ல் தன் கட்சி வேட்பாளருக்கு எதிராக வேலை செய்தார் என்று ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டது இந்த வகைதான்.

சிக்கல் முழுவதும் பஞ்சாயத்தில் இருக்கிறது. 'போன தடவை வென்ற வார்டு அவரவருக்கு' என்று தொடங்குவார்கள். கேரளத்தில் பெண்களுக்குப் பாதி இடங்கள், ஒவ்வொரு தேர்தலிலும் இடஒதுக்கீடு சுழலும். போன முறை பொது வார்டு இந்த முறை பெண் வார்டு, அந்தக் கட்சியிடம் அங்கே பெண் வேட்பாளர் இருக்க மாட்டார், உடனே 'நட்புப் போட்டி'. இந்தச் சொல்லில் நட்பு எதுவும் கிடையாது. இரண்டு இடதுசாரிச் சின்னமும் ஒரு வார்டில் நின்றால் அந்தக் கசப்பு பக்கத்து நான்கு வார்டுகளின் பூத் வேலையைக் கெடுக்கும். இதற்கு மாற்று: வார்டுப் பெயரைத் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். இடஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த பின், ஒருவர் மாற்றி ஒருவர் வார்டைத் தேர்ந்தெடுக்கட்டும். தேர்வில் முந்துவது யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். மனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே மாற்று மனுக்கள் எல்லாம் திரும்பப் பெறப்பட வேண்டும். கடைசி மணி நேரத்துக்கு விட்டால் யாராவது ஒருவர் மலைப்பாதையில் ஜீப்பில் மாட்டிக்கொண்டிருப்பார்.

தலைவர் பதவியை இரண்டரை ஆண்டு வீதம் பிரிப்பது வழக்கம். முதல் ஆள் விலகாமல் இருப்பதும் வழக்கம். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் நோட்டீஸ் தர வேண்டும், மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும், தோற்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் காங்கிரஸின் வாக்கைத் தேடிப் போக நேரும். எனவே ராஜினாமா தேதியை உடன்பாட்டில் எழுதி, இரண்டு கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களும் கையெழுத்திட வேண்டும். 1999ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டம் உள்ளாட்சிக்கும் உண்டு. முன்னணி ஆதரவில் வென்ற சுயேச்சையும் அதில் அடக்கம். எழுத்தில் வந்த விப்பை, அதாவது கட்சியின் வாக்களிப்பு உத்தரவை, மீறினால் பதவி போவதோடு ஆறு ஆண்டு போட்டியிடவும் முடியாது. தொழிலாளர் குழுவின் சார்பில் முன்னணி ஆதரவோடு நிற்கும் பெண்களுக்கு இதை வேட்புமனுவுக்கு முன்பே சொல்லுங்கள்.

பட்டா

இதற்குக் கூட்டுக் குழு உதவாது. 2007ல் அச்சுதானந்தன் அரசின் மூணாறு ஆக்கிரமிப்பு அகற்றம், சிபிஐயின் மூணாறு அலுவலகக் கட்டடத்தில் கை வைத்ததும் முன்னணிக்குள்ளேயே முட்டி நின்றது. 2017ல் பாப்பாத்திச்சோலைச் சிலுவை அகற்றத்தில் வருவாய்த் துறையை வைத்திருந்த சிபிஐ ஒரு பக்கம், சிபிஎம்மின் முதலமைச்சரும் அமைச்சர் எம்.எம். மணியும் மறு பக்கம். ரவீந்திரன் என்ற வருவாய் அதிகாரி 1999ல் கொடுத்ததால் 'ரவீந்திரன் பட்டா' எனப்படும் 530 பட்டாக்களை 2022ல் வருவாய்த் துறை ரத்து செய்தபோது மீண்டும் அதே வரிசை. துறை ஒரு கட்சியிடமும் உள்ளூர் ஆதரவாளர்களின் கட்டடம் இன்னொரு கட்சியிடமும் இருக்கும்வரை இது தொடரும்.

செய்யக்கூடியது ஒன்று: லயத்தில் வாழ்ந்து ஓய்வுபெறும் நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டிய தொழிலாளியின் மனைக் கோரிக்கையை, ஓட்டல், ரிசார்ட் பட்டாக்களிலிருந்து தனியே பிரிப்பது. ஒரே மனுவில் இரண்டும் வந்தால் கட்டடக்காரரின் வழக்குக்குத் தொழிலாளி கேடயமாகிறார். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களோடு 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின. அந்த இறப்புகளுக்கு மேல் நிற்கும் கோரிக்கை அது. வேறு எதனோடும் அதைச் சேர்த்துக் கட்டக் கூடாது.

உள்ளே நின்று வாதாடுவது

சீட்டுச் சண்டை கட்சிக்குள் என்றால் இது ஒன்றே வழி. சிபிஎம்மில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிளை மாநாட்டில் தொடங்கி லோக்கல், ஏரியா, மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். கடைசியாக அகில இந்திய மாநாடு 2025 ஏப்ரலில் மதுரையில் முடிந்தது. விமர்சனத்துக்குக் கதவு முழுதாகத் திறப்பது கிளை மாநாட்டில். ஆனால் அறிக்கை மீதான விவாதத்தில் பெரும்பாலோர் பேசுவது ஆட்களைப் பற்றி. விமர்சனத்தை எழுத்தில், தேதியும் சம்பவமுமாக, தீர்மானத் திருத்தமாகக் கொடுங்கள். அது மேல் குழுவுக்குப் போகும். வாய்ப்பேச்சு கிளையோடு நின்றுவிடும்.

எல்லை தாண்டிய கணக்கு

கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி வரும் தேனி மாவட்டத் தொழிலாளிக்கு, கீழே தமிழ்நாட்டில் காங்கிரஸ் தோழமைக் கட்சி, மேலே கேரளத்தில் அதுவே எதிர்க் கட்சி. முல்லைப்பெரியாற்றில் இரண்டு மாநிலக் குழுக்களும் வேறு வேறு பேசுகின்றன. 2011 டிசம்பர் பதற்றத்தில் அடி வாங்கியவர்கள் இந்தக் கூலித் தொழிலாளர்கள்தான். ஏலத்தோட்டக் கூட்டுக் குழுவின் முதல் தீர்மானத்தில் அணை பற்றி எதுவும் பேசுவதில்லை என்றும், பதற்றம் வந்தால் ஜீப்புகளுக்கு இரு பக்கச் சங்கமும் பாதுகாப்பு ஆள் அனுப்பும் என்றும் எழுதுங்கள். இரண்டு மாவட்டங்களிலும் அழைக்க வேண்டிய ஆட்களின் பெயர்ப் பட்டியல் அதோடு இணைக்கப்பட வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. முதல் கூட்டத்துக்கு ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் பட்டியலையும் சந்தாக் கணக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவந்தால் இணைப்பு வரைக்கும் பேசலாம். 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்றால் போனஸ் நோட்டீஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வார்டுப் பேச்சை எடுக்க வேண்டாம்.